ரத்தக்காட்டேரிக்கு மருந்து வேண்டாமாம்

இன்று மேலப்பாளையத்தில் நண்பன் காசிம் வீட்டு மாடியில் எங்கள் விண்கல விளையாட்டு: பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடுவது. கதையை நடத்துவது நான்.

கதையில் காசிமுக்கு ரத்தக்காட்டேரி நோய். ஒன்றுவிட்டு ஒருநாள் மனித ரத்தம் குடிக்காவிட்டால் செத்துப்போவான்.

நிஜத்தில் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கலத்தில் அவன் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாகக் கதையைத் திருப்பினேன்.

காசிம் பகடையைக் கீழே வைத்தான்.

"ஏலே, மருந்த நீயே வச்சுக்கோ. இங்கன எனக்கு ரத்தம் வேணும்னா நீங்க பயப்படுதிய. அங்கன மெஷின்ல ரத்தம் ஓடும்போது நான்லா பயப்படுதேன்."

எங்களுக்கு முழு டம்ளர் தேநீர் வந்தது, அவனுக்குத் தண்ணீர் அளவுதான் என்பதால் அரை.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. அவனுடைய முதல் கடி என் கழுத்தில்.

கலத்தில் ஆள் குறைகிறது. கழுத்து நீட்ட விரும்புகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவனுக்கு மெஷின் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.