படம் வராத கல்யாண வீடியோ

கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கென்று பார்த்து அக்கா வேறு வந்திருந்தாள்.

மரக்காணம் பக்கம் கடலோரத்தில் வாக்கப்பட்டவள் அவள். என் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அவளுக்குப் பிரசவம். மண்டபம் சொல்லியாச்சு, தள்ளிப்போட முடியாது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன என்று அக்காவுக்கு மனத்தாங்கல். அப்பாவோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை. அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தவளுக்குக் கறுப்புத் திரையைக் காட்டினால் எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தார். கடைசியில், படத்தைக் காட்டுகிற கோடெக் என்ற ஒன்று இதில் இல்லை, பிரவுசிங் சென்டரில் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். இதை முன்னாடியே பார்த்து வைத்திருக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன். பாவம், மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அது பாட்டுக்கு ஓடட்டும் விடு என்றாள் அக்கா. வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டே கேட்டோம். யார் குரல், யார் சிரிப்பு என்று கண்டுபிடிப்பதே நல்ல வேடிக்கையாக இருந்தது. கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் அப்பாவின் குரல், பக்கத்தில் யாரிடமோ பேசுகிறார். அம்மா வீட்டு டிவியில் பலமுறை பார்த்த எனக்கே அது காதில் விழுந்ததில்லை. படம் ஓடினால் நான் என் புடவையைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உன் ஃபோன குடுப்பா. பெரியவளுக்குப் போடணும். மேளத்தையாவது கேக்கட்டும்."

அக்கா உரித்த மல்லாட்டையை அப்படியே வைத்துவிட்டாள்.

"அந்த ஃபோன் வந்துச்சுடி. தெரியாத நம்பரு. ஒரே எரைச்சல். எவன்டா இவன்னு கட் பண்ணிட்டேன்."

வீட்டுக்காரர் வந்து எதையோ ஏற்றியதும் படம் வந்துவிட்டது. தாலி கட்டும் இடத்தில், மேளக்காரர்கள் பக்கத்தில் அப்பா ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஃபோட்டோ எடுக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்கா என் ஃபோனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார் போல.

"மேளம் இப்பதாம்பா கேட்டேன்" என்றாள்.