பலகைக்குப் பின்னால் இருந்த சுவர்

ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருக்களில் அறை சுத்தம் செய்ய சரசுவைப் போல ஆள் கிடையாது. தேவிப்ரியாவின் விருந்தினர் விடுதியில் ஆறு வருட வேலை. குளியலறைச் சுவரில் பூசணம் பூத்திருந்தால் மற்றவர்கள் எடுத்த எடுப்பில் பிரஷ்ஷால் பரபரவென்று தேய்ப்பார்கள். சரசு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வாள், ஜன்னலைத் திறப்பாள், சுவரை நன்றாக நனைப்பாள், அப்புறம்தான் கை வைப்பாள். "காஞ்சதத் தேய்ச்சா தூளு பறக்கும், நேரா நெஞ்சுக்குள்ள போவும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுச் சுவரை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தச் சுவருக்கு வேலை பார்த்தவன் அவள் தம்பி சகாதேவன்.

வாடகைக்கு வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். பெயிண்டர். வீட்டுக்காரருடைய ஆறு கட்டடங்களுக்கும் அவன் கைதான். மகள் கவியாவுக்கென்று விட்ட சின்ன அறையில் ஒரு சுவர் முழுக்க, நெஞ்சு உயரத்துக்கு, தேக்குக் கலரில் பிளாஸ்டிக் பலகை அடித்து வைத்திருந்தான்.

"லாட்ஜ் மாதிரி பண்ணிட்டியேடா" என்றாள் சரசு.

"எங்கக்கா வீடுன்னா சும்மாவா."

அந்தச் சுவரோரமே அவளுக்குக் கட்டில் போட்டாள். கணவன் முருகையன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் ஜாஸ்தி. வீட்டில் எது நடந்தாலும் சரசுவுக்குத் தம்பிதான் துணை.

குடிவந்த இரண்டாம் மாதம் கவியாவுக்கு இருமல் ஆரம்பித்தது. மழை பிடித்ததும் அது இளைப்பாகிவிட்டது. எட்டாவது படிக்கிற பெண், விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுப்பாள். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். மருந்தை உறிஞ்சினால் அடங்கும், இரண்டு நாளில் திரும்பும். சரசு கொசுவத்தியை நிறுத்தினாள், சாம்பிராணியை நிறுத்தினாள், பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் டீ குடித்துக்கொண்டே சொன்னான். "யக்கா, கோச்சுக்காத. நாள் பூரா பிளீச்சிங்ல கைய வச்சிக்கினு வர. உன் பொடவையிலயே அந்த நாத்தம் அடிக்குது. பொண்ணுக்கு அதான் ஒத்துக்கல போல."

அதற்குப் பிறகு சரசு தோட்டத்துக் குழாயில் குளித்துப் புடவை மாற்றாமல் வீட்டுக்குள் வரவில்லை. அப்போதும் இளைப்பு நிற்காததால் வேலையையே விட்டாள்.

"என்ன சரசு, சம்பளம் பத்தலையா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"அதில்லம்மா. எம்பொண்ணுக்கு நானே ஒத்துக்கல" என்றாள் சரசு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீடு வரைக்கும் அந்த வார்த்தை கூடவே வந்தது.

ஒன்றரை மாதம் வீட்டிலேயே கிடந்தும் இளைப்பு கம்மியாகவில்லை. அப்போதுதான் கவியா விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளியோடு கீழ்பென்னாத்தூர் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தாள். கொடுத்தனுப்பிய மருந்தை ஒரு தடவை கூடத் தொடவில்லை. அதைக் கேட்ட டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க நல்லா இருந்தான்னா பிரச்சனை உங்க வீட்லதாம்மா இருக்கு. செவுத்துல ஓதம், பூசணம் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க டாக்டர். புதுசா பெயிண்ட் அடிச்ச வீடு. எந்தம்பியே அடிச்சான்."

"யாரு அடிச்சாங்கன்னு பூசணத்துக்குத் தெரியாதும்மா. கட்டிலை நகர்த்திப் பாருங்க."

கட்டிலை நகர்த்தினாள். கவியாவை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கத்தி முனையால் பலகையின் ஆணிகளை நெம்பினாள். பலகை பிரிந்ததும் துணியையும் மீறி ஈரக் கோணியின் வாடை அடித்தது. தரையிலிருந்து மேலே வரை, அடுப்புக்கரியை அப்பியது போல் சுவர் கறுத்திருந்தது. பலகையின் மேல்விளிம்போடு பெயிண்ட் நின்றுவிட்டிருந்தது. உள்ளே ஒரு பூச்சு கூட இல்லை. அந்தக் கறுப்பின் நடுவே பலகைக்கு எடுத்த அளவை ஆணியால் கீறி எழுதியிருந்தது. தலைகீழாய் வைத்த நாற்காலி போல ஒரு நாலு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் நாலு அப்படித்தான்.

போன் செய்ததும் சகாதேவன் வந்தான். கையில் சுரண்டுகிற தகடு இருந்தது. என்னவென்று அவள் போனில் சொல்லியிருக்கவில்லை.

"தெரிஞ்சேதான் மூடினியா?"

"ஓனர் மூடச் சொன்னாருக்கா. பின்னாடி தொட்டி செவுத்த ஒட்டி இருக்குது, கசியுது. ஒடைச்சுப் பண்ணா பெரிய வேலை. அவரு கட்டடம் அத்தனையும் என் கையில இருக்குது. நான் இன்னா பண்றது?"

"சரி. அவரு சொன்னாரு, மூடின. என் பொடவை நாறுதுன்னு யார்ரா சொல்லச் சொன்னது?"

அவன் தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"உன் மடியில உக்காந்து காது குத்திக்கினவடா அவ."

"இப்பவே சுரண்டிடறேங்க்கா. ரெண்டு கோட்டிங் குடுத்தா..." என்று சுவர்ப்பக்கம் போனான்.

"கைய வைக்காத. தூளு பறக்கும். தண்ணி கசியற வரைக்கும் நீ எத்தினி கோட்டிங் குடுத்தாலும் அது வரும். உனக்குத் தெரியாததா? வெளிய போ."

அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு தேவிப்ரியாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, நாளையிலேர்ந்து வேலைக்கு வரேன். மாடியில வெயில் படற ரூம்ல எங்களுக்குக் கொஞ்ச நாள் எடம் வேணும்."

"பௌர்ணமிக் கூட்டம் வருது, எட்டு ரூம் சுத்தம் பண்ணாம அப்படியே கெடக்கு. நாளைக்கு இன்னா, இன்னைக்கே வா."

மெத்தையையும் தலையணையையும் விட்டுவிட்டாள். துவைக்க முடிந்ததை மட்டும் மூட்டை கட்டினாள். ஆட்டோ வந்து நின்றபோது சகாதேவன் இன்னும் வாசலில்தான் இருந்தான். கவியாவுக்கு எதுவும் தெரியாது. ஏறும்போது வழக்கம்போல் "பிடி மாமா" என்று புத்தகப் பையை அவனிடம் நீட்டினாள்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சரசு குறுக்கே கை நீட்டி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாம்ப்பா" என்றாள் ஆட்டோக்காரரிடம்.