பொறி படாத கால்

மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலில் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பின. மில்லில் நெருப்புப் பொறி பட்ட தழும்பில்லாத தொழிலாளியே கிடையாது. நானும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்ட பெருமையில் பேன்ட்டை மடித்துவிட்டுத் திரிந்தேன்.

“ஏசி ரூம்ல குந்திக்கினு கம்ப்யூட்டர் தட்டுற ஆளு மேல பொறி எங்கேந்து வந்து வுழும்?” என்றாள் மனைவி. கோபத்தில் இன்னும் கொஞ்சம் தீப்புண் களிம்பை அப்பினேன்.

சென்னை டாக்டர் சதையெடுத்துப் பரிசோதித்தார். வைரஸால் வரும் அபூர்வப் புற்றுநோயாம். மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தின்கிறவர்களுக்கு வருமாம். மாத்திரையைக் குறைத்தார். சிறுநீரகம் முரண்டுபிடிக்கலாம் என்றும் எச்சரித்தார்.

திரும்பும் ரயிலில் மனைவி, தன் சிறுநீரகத்தை வைத்துத் தைத்திருந்த என் அடிவயிற்றைத் தட்டினாள். பேசியது என்னிடமில்லை.

“இந்தாளோட சேர்ந்து நீயும் மொறச்சிக்காத. நீ எங்கூட்டுப் புள்ள.”