அம்போசெலிப் புழுதியும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும்

1996 ஆகஸ்டில் கென்யாவுக்கு சஃபாரி போனேன். கூட வர இருந்த சிநேகிதிக்குத் திடீரென்று கலியாணம் சரிவந்துவிட்டது. எனக்கு ரிக்கெற்றைக் கைவிட மனமில்லை. அப்போது முப்பத்தொன்பது வயது, கலியாணம் கட்டவில்லை, ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் அப்பார்ட்மென்றில் தனியாள். விட்பியில் இருக்கும் அக்கா போனில் ஒரே அரியண்டம்.

"தனியப் போய் ஒரு வருத்தம் வந்தால் உன்னை ஆர் பாக்கிறது?"

"இஞ்சை மட்டும் ஆர் பாக்கினம், அக்கா?" என்றேன்.

என்னை நானே பார்த்துக்கொள்வேன் என்று காட்டியே தீர வேண்டுமென்று எனக்கும் ஒரு வீம்பு.

ஆகஸ்ட் அங்கே மழையில்லாத காலம், காற்றெல்லாம் புழுதி. வேலை முடிந்து வந்து ஒரு கிழமையாக ஆயத்தம் செய்தேன். மண் நிறத்தில் முழுக்கைச் சட்டைகள் (வெள்ளை ஒரு மணி நேரம் தாங்காது, கடும் நீலத்துக்கு ஒருவகை ஈ தேடி வந்து கடிக்கும்), கமராவுக்கும் பிலிமுக்கும் சிப் வைத்த பிளாஸ்ரிக் பைகள், உதட்டுக்கு வாசலீன், மூக்குக்கு உப்புத்தண்ணீர்த் துளி. கண்ணுக்குள் போடும் லென்ஸை விட்டுவிட்டுப் பழைய கண்ணாடியை எடுத்தேன். இவ்வளவு கெட்டிக்காரி கடைசியில் என்ன செய்தாள்? காய்ந்த காற்று என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே. நைரோபியில் விடிய எழும்பி, தலை வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினேன்.

அம்போசெலிக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர், வான் வண்டியில் ஐந்து மணித்தியாலம். கடைசிப் பகுதி மண் ரோடு. கூரையைத் திறந்தால் மிருகங்கள் நன்றாகத் தெரியும், புழுதியும் தாராளமாக உள்ளே வரும். சாரதி ஜோசப் தலையில் துணி கட்டச் சொன்னார். எண்ணெய் வைத்திருக்கிறேன், பயமில்லை என்றேன். வானில் மற்ற நாலு பேரும் இரண்டு சோடிகள். யானைக் கூட்டத்தைக் கண்டதும் ஒருவரையொருவர் தட்டித் தட்டிக் காட்டினார்கள். எனக்குத் தட்ட ஆளில்லை. அந்த நேரம் சரியான கவலையாகிவிட்டது.

பின்னேரம் கூடாரத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். ஐயோ, தலையா அது! எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களியாகி, பின்னல் அவிழவே இல்லை. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். அரைவாசியை ஊற்றி முடித்தும் சீப்பு இறங்கவில்லை, கை உளைந்தது. துவாய் கொண்டுவந்த, முகாமில் வேலை செய்யும் கிரேஸ் என்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கதிரையில் இருக்கச் சொன்னார். பின்னலை மெல்ல மெல்லப் பிரித்து, சோப்புப் போட்டு, விரலால் தேய்த்தார். என் தலையில் இன்னொருவர் கை பட்டு எத்தனை வருடமோ. நான் அழுதுவிட்டேன். சோப்புக் கண்ணில் போய்விட்டதென்று நினைத்து, கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு இன்னொரு வாளி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். தலை சுத்தமாகத்தான் இருந்தது. ஓம் என்றேன்.

போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் கட்டாயம் எடுங்கள். கமராவை வான் ஓடும்போது வெளியே எடுக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம் என்றும் எழுதத்தான் வேண்டும். ஆனால் தனியாகப் போகிறவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.