கும்பம் எல்லை தாண்டிய நாள்

அம்மனை நம்பி வாழும் அன்பர்களே, என் மகளும் பேத்தியும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். மலை சரியப்போகிற இடத்தில் அவர்களை இருத்தி வைத்தவன் நான். அங்கிருந்து எடுத்தவள் அம்மன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது சாட்சி. இரண்டாவதை மட்டும் சொன்னால் அது பொய்.

நான் றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, பல்கலைக்கழகம் போய், அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன். எங்கள் சனத்துக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு மாரியம்மன் கோயில் தலைவர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், திருவிழா ஒருநாள் பூசையாகச் சுருங்கியிருந்தது. அதைப் பழையபடி முழுதாக நடத்திக் காட்டினேன். நம்பிக்கை நிமிர்ந்தால் சனமும் நிமிரும் என்று நினைத்தேன்.

எங்கள் திருவிழாவில் முதல் காரியம் எல்லை கட்டுவது. தோட்டத்தின் நான்கு மூலையிலும் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்து வைப்பார். பிறகு கோயிலில் அம்மன் கும்பத்தை வைத்து, நேர்த்திக்காரர்களின் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அறுக்கும்வரை எல்லையைத் தாண்டக்கூடாது.

போன வைகாசியில் என் மகள் மலரும் காப்புக் கட்டியிருந்தாள். அவளுடைய பிள்ளை தர்ஷிக்கு வலிப்பு வரும். பிள்ளை சுகமாக இருக்க வேண்டும் என்று தீ மிதிக்க நேர்ந்திருந்தாள். மருமகன் கட்டாரில். தாயும் பிள்ளையும் மேல் லயத்தில் இருந்தார்கள். அதற்குப் பின்னால் செங்குத்தாக மலை.

காப்புக் கட்டிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. கிராம சேவகர் வந்து, மேல் லயத்தில் உள்ளவர்கள் கீழே பன்சலைக்குப் போய்த் தங்க வேண்டும், மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறது என்றார். பன்சலை என்பது பௌத்த விகாரை; எல்லைக்கு வெளியே, சிங்களக் கிராமத்தில் இருக்கிறது. சனம் என் முகத்தைப் பார்த்தது. நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"எல்லை கட்டியாச்சு. காப்பும் கட்டியாச்சு. அம்மா காவல் இருக்கிற மண்ணை விட்டுட்டு எங்க ஓடப் போறோம்? நம்பிக்கை உள்ளவங்க இருங்க."

கைதட்டினார்கள். கிராம சேவகர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் அம்மனைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் எனக்குக் கேட்டது என் குரல் மட்டும்.

மறுநாள் மத்தியானம் பேத்தியைப் பார்க்க மேல் லயத்துக்கு ஏறினேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் தரை வெடித்திருந்தது. என் கை நுழையும் அளவு வெடிப்பு, லயத்தின் நீளத்துக்கும் ஓடியது. பீலியில் எப்போதும் கண்ணாடி போல விழும் தண்ணீர் சிவப்பாக விழுந்தது. இந்த மலையின் அடியில்தான் நான் பிறந்தேன். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"மலர், பிள்ளையைத் தூக்கு. இப்பவே கீழ போவோம்."

"காப்போட எப்படிப்பா தாண்டுறது?"

"வெடிப்பைப் பாரு தாயி!"

"பாத்தேன். எனக்கும் பயந்தான். ஆனா நேர்த்திய முறிச்சு, இவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நேத்து நீங்கதானே சொன்னீங்க, நம்பிக்கை உள்ளவங்க இருங்கன்னு. நான் உங்க மகப்பா."

பிள்ளை உயிருக்காக அவள் போக மறுத்தாள். பிள்ளை உயிருக்காக நான் கெஞ்சினேன். அடுத்த காம்பராவில், பக்கத்து வீட்டு ராக்கு அக்கா வாசலில் நின்று சிரித்தார்.

"ஏன் சேர், நேத்து மைக்குல பேசுனது நீங்கதானா, இல்ல உங்க தம்பியா? ஒரு மழைக்கே சாயம் போயிருச்சே!"

சொல்லிவிட்டு அவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கையிலும் காப்பு. வீடு வீடாகத் தட்டினேன். ஒருவரும் அசையவில்லை. நான் சொன்னதை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார்கள்.

கோயிலுக்கு ஓடினேன். பெருமாள் பூசாரியிடம் காப்பை அறுத்து விடச் சொன்னேன்.

"அறுக்கிறதுக்கு நாள் இருக்குங்க. நடுவுல அறுத்தா அவகிட்ட யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னதுக்குத்தான் இப்ப இந்தப் பாடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய மகன் குடும்பமும் மேல் லயத்தில்தான்.

சன்னிதியில் விழுந்தேன். படித்த தோத்திரம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தாயே, உன் பேரால் நான் பேசியதை நம்பினார்கள். என் பேரால் பேசுவதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் கட்டியதை என்னால் அவிழ்க்க முடியவில்லை. நீ அவிழ். என்னை எடுத்துக்கொள். பிள்ளையை விடு" என்று அழுதேன். என் வயதில் ஒரு மனிதன் அப்படிக் குரல் எடுத்து அழக்கூடாது. அழுதேன். தகரத்தில் மழை கொட்டியது. பதில் ஒன்றும் இல்லை. அந்த நேரம்போல ஓர் இருட்டை நான் கண்டதில்லை, பகல்தான் அது.

அப்போது வாசலில் லொறிச் சத்தம் கேட்டது.

பந்துல, எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். கீழ் கிராமத்துச் சிங்களவர். நனைந்து வந்து படியில் நின்றார்.

"மாஸ்டர், இன்னும் போகல்லியா? பிஸ்ஸுத உங்களுக்கு?"

பைத்தியமா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லலாம் போலிருந்தது. காப்பு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும், தெரியும். கிராம சேவக மாத்தயா பன்சலை ஹாமுதுருவோகிட்ட சொன்னாரு. ஹாமுதுருவோ என்ன சொன்னாரு தெரியுமா? அம்மாவ விட்டுட்டு வரமாட்டாங்கன்னா அம்மாவயும் கூட்டிட்டு வரச் சொல்லு. பத்தினி தேவாலெ பக்கத்து அறைய கழுவி வச்சிருக்கு. எங்க அம்மாவும் உங்க அம்மாவும் ஒண்ணா இருக்கட்டும்."

பிக்குவைத்தான் ஹாமுதுருவோ என்கிறார்; பத்தினி தேவாலெ, பன்சலையில் உள்ள பத்தினித் தெய்வத்தின் கோயில். பெருமாள் பூசாரி எழுந்து நின்றார்.

"மேளம் அடிக்கலாமா அங்க?"

"அடிங்க. பன ஓதி தர்மம் சொல்ற நேரம் மட்டும் வேணாம். ஹாமுதுருவோவுக்குக் கோவம் வரும்."

பூசாரி கும்பத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கற்பூரம் ஏற்றினார். குனிந்து கும்பத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். "அவ இருக்கிற இடந்தான் எல்லை. மேல போய்ச் சொல்லுங்க, அம்மா பொறப்பட்டுட்டா."

நான் ஏறி ஓடினேன். இந்த முறை என் பேரால் எதுவும் சொல்லவில்லை. "அம்மா பொறப்பட்டுட்டா" என்றேன், அவ்வளவுதான். கதவுகள் திறந்தன. ராக்கு அக்கா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். மலர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தப்புத் தோல் நனைந்து தொய்ந்துபோய், அடித்தால் மண்ணில் அடித்த மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்தோடுதான் போனோம். நடக்க முடியாதவர்களைப் பந்துல லொறியில் ஏற்றினார். எல்லைக் கல்லில் பூசாரி ஓர் எலுமிச்சம்பழம் அறுத்து இரண்டு பக்கமும் போட்டார். கும்பம் தாண்டியது. மலர் ஒரு கணம் நின்றாள். பிறகு தாண்டினாள். அந்தப் பக்கம் சிங்களப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தன் குடையைக் கும்பத்துக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மலை இறங்கியது. பன்சலையில் தரை அதிர்ந்தது. மழை விட்டபின் போய்ப் பார்த்தோம். மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. மலர் வீட்டுக் கதவு மட்டும் தேயிலைக்கு நடுவில் கிடந்தது. எங்களில் ஒருவரும் சாகவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் செத்தார்கள். அவர்களும் அம்மனைக் கும்பிட்டவர்கள்தாம். என்னைவிட நன்றாகக் கும்பிட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஏன் லொறி வரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

தலைவர் பொறுப்பையும் கொடுத்துவிட்டேன். மைக்கை மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். எச்சரிக்கை சிங்களத்தில் வந்தால் அதைத் தமிழில் வாசித்துச் சொல்வது இப்போது என் வேலை. மழைக்காலத்தில் கிராம சேவகரிடம் நானே போய்க் கேட்டு வருகிறேன். சனத்துக்குச் செய்ய ஆசைப்பட்டேனே, அம்மன் எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான். இது போதும். இந்த வைகாசியில் காப்புக் கட்டும்போது பூசாரியே சபையில் சொன்னார்: எச்சரிக்கை வந்தால் கும்பம் முதலில் இறங்கும், காப்புக்காரர் பின்னால் வரவேண்டும். தர்ஷிக்கு வலிப்பு இன்னும் வருகிறது, முன்னைவிடக் குறைவு. இரத்தினபுரி ஆஸ்பத்திரி மருந்தும் கொடுக்கிறோம். மலர் தீ மிதித்தாள்.

ஆபத்தில் இருக்கும் அன்பர்களே, அவளிடம் கேளுங்கள். வெட்கப்படாமல், விழுந்து, அழுது கேளுங்கள். வழி அடைத்தவன் நீங்களேயானாலும் கேளுங்கள். அவள் கேட்பாள் என்று நான் என் பேத்தியின் தலையில் கைவைத்துச் சொல்வேன். ஆனால் கேட்டுவிட்டுக் கண்ணை மூடியே கிடக்காதீர்கள். வாசலில் லொறிச் சத்தம் கேட்டால், எழுந்து போய் யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்.