வலிக்கும் என்று சொன்னவள்

"வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே குத்துகிறவன் நான். காஜா பெராங்கில் இருந்த குழந்தைகள் கிளினிக்கில் பதினோரு வருஷம் காயம் கட்டி ஊசி போடும் டிரஸ்ஸராக இருந்தேன். அத்தனை வருஷமும் நான் ஊசி போட, பிள்ளைகளை மடியில் வைத்துப் பிடித்தவள் ஆயா பூங்காவனம். அவள் ஒரு நாளும் வலிக்காது என்று சொன்னதில்லை.

"வலிக்கும்டா கண்ணு. நல்லாவே வலிக்கும். ஆனா சுருக்கா போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மருந்தை ஏற்றுவதற்குள் இவள் ஊரைக் கூட்டிவிடுகிறாளே!

"ஏம்மா, ஒரு பொய் சொன்னா உன் வாய் வெந்தா போயிரும்?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"எங்க வீட்டுக்காரர ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனப்ப, மூணே மாசம்னுதான் சொன்னாங்கய்யா. இன்னும் வரல" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அப்போதைய ஊசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடியும் அதே ஊசிதான். வலிக்காமல் என்ன செய்யும்? பூங்காவனம் உள்ளங்கையில் நகமளவு பஞ்சை வைத்து, பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டுவாள். தமிழ்ப் பிள்ளையிடம் "ஊது" என்பாள். சீனப் பிள்ளையிடமும் தமிழ் மறந்துபோன கம்போங் செட்டிப் பிள்ளையிடமும் மலாயில் "தியுப்" என்பாள். பிள்ளை ஊதும்போது சதை தளரும். நான் குத்துவேன். பஞ்சு தரையில் விழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். பாதிப் பிள்ளைகள் அழவே மறந்து போகும்.

இத்தனை செய்தும் அவளுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? சோறு தின்னாத பிள்ளையைத் தாய்மார்கள், "பூங்காவனத்தக் கூப்பிடவா? ஊசி போடச் சொல்லவா?" என்று மிரட்டுவார்கள். அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் தெருவில் விளையாடும் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளியும். ஊசி போடுகிற என்னைக் கண்டு ஒரு பிள்ளையும் ஓடியதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதத்தில் சந்திரமதி வந்தாள். தெங்கேராவில் லாரி ஓட்டும் மருதமுத்துவின் மகள், வயது நாலரை. காசநோய். தினம் ஒரு ஊசி, அறுபது நாள். இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் பிள்ளை பிழைக்காது. டாக்டர் இதைத் தாய் விஜயாவிடம் மூன்று தடவை சொன்னார்.

முதல் பத்து நாள் பஞ்சு பறந்தது. அதற்குள் இடுப்பில் இரண்டு பக்கமும் சதை கட்டிப் போய்விட்டது. கட்டியின் மேலேயே குத்த வேண்டிய நிலை. பதினைந்தாம் நாள், பூங்காவனம் பஞ்சுச் சுருளைத் தொட்டதுமே பிள்ளை அலறினாள். பஞ்சைக் கண்டால் அடுத்து ஊசி என்று அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை விஜயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து வெள்ளிக்கிழமை. விளக்குத் திரி திரிக்கப் பஞ்சை எடுத்தேன்க்கா. பிள்ள அலறிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருச்சு. வீட்டுல விளக்குகூட ஏத்த முடியல. என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க?"

பூங்காவனம் கையிலிருந்த பஞ்சை டிராயரில் போட்டு மூடினாள். அவளிடம் இருந்த ஒரே வித்தை அது. அன்று முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சந்திரமதியை மடியில் வைத்து, "வலிக்கும்மா. அதை என்னால நிறுத்த முடியல. ஆனா நீ 'சரி'ன்னு சொன்னாத்தான் ஐயா போடுவாரு. சத்தியம்" என்றாள்.

என்னைக் கேட்காமல் என் பெயரில் சத்தியம்! கோபம் வந்தாலும் காத்திருந்தேன். பிள்ளை ஐந்து நிமிஷம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி" என்றாள். அடுத்த நாள் நாலு நிமிஷம். முப்பதாம் ஊசியில் இரண்டு நிமிஷம். அழுகை நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் அவள் கையில் இருந்தது.

மெர்டேக்காவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. வாசலில் பிள்ளைகள் வரிசை. எனக்கோ கோலாலம்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடிந்தால் சுதந்திரம், நான் பார்க்காமல் அது வருமா? சந்திரமதி மடியில் குப்புறக் கிடந்தாள். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது.

"இருங்கய்யா, இன்னும் சொல்லல" என்றாள் பூங்காவனம்.

நான் குத்திவிட்டேன்.

பிள்ளை அழவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவுமில்லை. பூங்காவனத்தைத்தான் பார்த்தாள். நான் பஸ்ஸைப் பிடித்தேன், கொடியையும் பார்த்தேன்.

நான் இல்லாத இரண்டு நாளும் எனக்குப் பதில் ஊசி போட்டவரிடம் சந்திரமதி வரவில்லையாம். திங்கட்கிழமை நான் திரும்பிய பிறகும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. பூங்காவனம் தெங்கேராவுக்கு மூன்று தடவை நடந்தாள். அவள் குரல் கேட்டாலே பிள்ளைக்கு வலிப்பு வருகிற மாதிரி ஆகிறதாம். இருமல்தான் நின்றுவிட்டதே, போதும் என்று மருதமுத்து சொல்லிவிட்டானாம். "நீங்க வராதீங்கக்கா" என்று விஜயா கும்பிட்டாளாம். பூங்காவனம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பரில் மருதமுத்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, எலும்பு துருத்தியிருந்தது. முதலிலிருந்து அறுபது ஊசி.

இம்முறை சந்திரமதி தானாகவே குப்புறப் படுத்தாள். "கெட்டிக்காரப் புள்ள" என்று வரிசையில் இருந்த தாய்மார்கள் மெச்சினார்கள். பூங்காவனம் குனிந்து, "வலிக்கும்மா. நீ சொன்னாத்தான்" என்றாள். நான் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரிசை முணுமுணுத்தது, நான் அசையவில்லை. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொல்லாமலேதான் போட வேண்டியிருந்தது. அறுபது நாளும் அப்படித்தான். ஒரு நாள் பூங்காவனம் அவள் காதில், "அழும்மா, கொஞ்சம் அழு" என்று கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

கடைசி ஊசி முடிந்ததும் பூங்காவனம் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"முடிஞ்சிருச்சு கண்ணு. நாளைக்கு ஊசி இல்ல. இனிமே எப்பவும் இல்ல."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து விஜயா தனியாக வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, சோறு தின்கிறாள். ஆனால் காலை எட்டு மணியானால் பாயில் போய்க் குப்புறப் படுத்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறாளாம். ஊசி இல்லை என்று எத்தனை சொல்லியும் எழுந்திருக்கவில்லையாம்.

பூங்காவனம் என் பக்கம் திரும்பினாள்.

"நான் போயி என்னன்னு சொன்னா அந்தப் புள்ள நம்பும், சொல்லுங்கய்யா?"

பிழை என்னுடையது. ஊசியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்த நான் தலை நிமிரவில்லை. அடுத்த பிள்ளை கதவருகிலேயே அலறத் தொடங்கியிருந்தது. அவள் போய் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்கும்டா கண்ணு" என்றாள்.