சங்கிலிப் பெட்டியை இறக்கச் சொன்னது யார்?

விபத்து நடந்த அன்றைக்கு அந்த இழுவைக் கப்பலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். எஞ்சினில் என் கணவர் செல்வராசா, சுக்கானில் பியதாச அய்யே, தளத்தில் காசிம் நானா, துறைமுக அதிகாரி ஐயா, அவர் கூட்டிவந்த விருந்தாளிகள் ஐந்து பேர். சென்ற செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறப் போகையில், ஆசுப்பத்திரியிலிருந்து மகள் அழைத்தாள். "அப்பா போயிட்டார் அம்மா." கப்பலில் வேலை செய்த மூவரில் கடைசியாக இவரும் போனார். விருந்தாளிகள் யாரென்று எனக்குத் தெரியாது; நடந்ததை அறிந்தவர்களில் மிஞ்சியிருப்பது அதிகாரி ஐயா ஒருவர்தான்.

செத்தவீட்டில் அவர் எழுந்து, "செல்வராசாவும் நானும் சகோதரர் மாதிரி" என்று பேசியதைத் துறைமுகத்து நண்பர்கள் எல்லாரும் கேட்டீர்கள். தலைமாட்டில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரமான பெரிய சில்லுகள் தண்ணீரை அறைந்து ஓடும் பழைய இரும்புக் கப்பல் அது. இவர் பிறக்க முன்னரே துறைமுகத்துக்கு வந்தது. கரி அள்ளிப்போட ஏறியவர், பிறகு எஞ்சினுக்கே பொறுப்பானார். தென்மேல் காற்றடிக்கும் மாதங்களில் எத்தனை பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வந்தார்கள் என்று என்னிடம் எழுத்தில் இருக்கிறது. கரிபிடித்த கையால் கொப்பியைத் தொடமாட்டார். வந்து இருந்து சொல்லுவார், நான் சாமான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து வசப்பட்டது அப்படித்தான்.

தளத்தில் சங்கிலி நிரப்பி, அடியில் உருளை பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. கப்பல் ஒரு பக்கம் சரிந்தால் காசிம் நானா அதை மற்றப் பக்கம் உருட்டுவார். இரண்டு சில்லும் ஒரே அளவு தண்ணீரில் நின்றால்தான் நேரே போகும். "இவளிட்ட களவு செய்யேலாது. பாரம் ஒரு பக்கம் கூடினால் உடனே காட்டிக் குடுத்திடுவாள்" என்று கப்பலைப் பற்றிச் சொல்லுவார் இவர்.

விருந்தாளிகளுக்குக் கதிரை போட இடம் வேண்டுமென்று, அதிகாரி ஐயா அந்தப் பெட்டியைக் கரையில் இறக்கச் சொன்னார். இவர் கீழிருந்து ஏறிவந்து வேண்டாம் என்றார். "செல்வராசா, நீ நெருப்பைப் பார். தளத்தை நான் பார்க்கிறன்." நடுத்துறையில் வெள்ளைப் பயணிகள் கப்பல் ஒன்று வர, விருந்தாளிகள் எல்லாரும் படமெடுக்க ஒரே பக்கம் ஓடினார்கள். ஒரு சில்லு அந்தரத்தில் சுழன்றது. மற்றது தண்ணீரைப் பிடித்து இழுத்தது. கப்பல் வளைந்துபோய் ஒரு பாரப்படகில் மோதியது. காசிம் நானாவின் வலது கால் நசிந்தது.

அடுத்த நாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். காசிமின் நட்டஈட்டுக்கு என்றாராம் ஐயா. இவர் நம்பிக் கையெழுத்து வைத்தார். அதில் இருந்தது, தான் குடித்திருந்ததாக இவரே கொடுத்த வாக்குமூலம். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலோடு இருக்கும் மனிதர். இவரை மட்டக்குளியிலுள்ள கயிற்றுக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். குடியால் வந்த விபத்தென்று காசிம் நானாவின் நட்டஈடும் இல்லாமல் போனது. "ஏன் தம்பி பொய்க்கு சைன் வெச்ச?" என்று ஒருமுறை கேட்ட காசிம் நானா, சாகும்வரை இவரோடு கதைக்கவில்லை.

நான் கொதித்தால், "சாமி பார்ப்பார். நீ சோத்தைப் போடு" என்பார். கப்பலை உடைத்து இரும்புக்கு விற்ற அன்றும் அதையே சொன்னார். போட்ட சோற்றைத் தொடாமல் மூடிவைத்தார். மன்னித்தது இவர். நான் இல்லை. செவ்வாய் தவறாமல் நான் எலுமிச்சை விளக்கு ஏற்றியது அப்பாவின் ஆயுளுக்கு என்று மகள் நினைத்தாள். ஐயா, அது உங்கள் ஆயுளுக்கு. பதில் சொல்லாமல் நீங்கள் போய்விடக்கூடாது.

இவருடையது என்று நான் வைத்திருப்பது, கப்பல் மோதிய அன்று இவர் சொல்லச் சொல்ல எழுதிய அந்தப் பக்கம். முப்பத்தோராம் நாள் இவர் நினைவாக எல்லாருக்கும் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அதை அப்படியே அச்சிடுகிறேன். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பெட்டியை இறக்கச் சொன்னது யார் என்று உங்கள் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். தமிழில் எழுதுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு முன் பதில் தரவும்.